காட்டோடையைப் பற்றிக் கேளுங்கள், அண்ணாச்சி பதில் சொல்கிறார்

திருநெல்வேலி மாவட்டம் பாபநாசத்துக்கு மேலே முண்டந்துறைக் காட்டில் ஓடும் ஓடைகளைப் பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். பதில் சொல்பவர் மலையடிவாரத்துக்காரர், பல வருடங்களாக அந்தக் காட்டைக் கவனித்து வருபவர்.

அண்ணாச்சி, சித்திரை வெயிலிலும் மேலே தண்ணீர் ஓடுகிறதே, எப்படி? (அம்பாசமுத்திரம்)

பலரும் "மேலே ஊற்று இருக்கு" என்று சொல்லி முடித்துவிடுவார்கள். ஊற்று எங்கிருந்து வந்தது என்று கேட்க மாட்டார்கள். நம் மலைக்கு இரண்டு மழை. ஆனி, ஆடியில் மேற்கேயிருந்து தாண்டி வரும் சாரல். ஐப்பசி, கார்த்திகையில் கிழக்கேயிருந்து கொட்டும் அடைமழை. விழுகிற தண்ணீர் நேரே பாறையில் அடித்து ஓடிவிடுவதில்லை. முதலில் மரத்தின் உச்சி இலை, அப்புறம் கிளையில் படர்ந்த பாசி, அப்புறம் தரையில் முழங்கால் புதையும் சருகு. இத்தனையும் நனைந்த பிறகுதான் மண்ணுக்கு இறங்கும். மண்ணிலிருந்து ஓடைக்குக் கசிந்து வர வாரங்கள், மாதங்கள் ஆகும். பங்குனியில் நாம் குடிப்பது கார்த்திகை மழையைத்தான். அதனால்தான் மேலே காட்டை வெட்டினால் கீழே வாய்க்கால் காயும்.

கடும் கோடையில் ஓட்டம் நூலாக இளைத்துவிடும், உண்மைதான். ஆனால் பாறைக்கு நடுவே கசங்கள், அதாவது ஆழமான மடுக்கள், வற்றாது. மீனும் தவளையும் மழை வரும்வரை அங்கேதான் குடியிருக்கும்.

பேப்பரில் பாபநாசம், சேர்வலாறு அணை நீர்மட்டம் இரண்டும் சேர்ந்தே ஏறி இறங்குகிறதே? (வீரவநல்லூர்)

இரண்டுக்கும் நடுவே மலையைக் குடைந்து சுரங்கம் போட்டிருக்கிறார்கள். பேயாறு, உள்ளாறு, பாம்பாறு, காரையாறு எல்லாம் வந்து சேர்வது 143 அடி பாபநாசம் அணையில். வடக்குப் பக்கத்து ஓடைகளை வாங்குவது 156 அடி சேர்வலாறு. பார்க்க இரண்டு, தண்ணீருக்கு ஏறக்குறைய ஒன்று.

வானதீர்த்தம் அருவிக்குப் போகலாமா?

பல வருடங்கள் பொதுமக்களை விடாமல் இருந்தார்கள். இப்போது எப்படி என்று வனத்துறையிடம் கேட்டுவிட்டுப் புறப்படுங்கள். அனுமதி இல்லையென்றால் சோதனைச்சாவடியில் கெஞ்சியும் பயனில்லை. என்னைக் கேட்டால், விடாமல் இருப்பதே நல்லது.

ஓடைக்கரைப் பாறையில் நண்டு ஓடு கலந்த எச்சம் பார்த்தேன். எந்த மிருகம்? (விக்கிரமசிங்கபுரம்)

நல்ல கண் தம்பி உங்களுக்கு. அனேகமாக நீர்நாய். நம் பக்கம் இரண்டு வகை உண்டு. கீழே அகலமான ஆற்றிலும் அணையிலும் கூட்டமாகத் திரிவது பெரியது, வழுவழுப்பான மேனி. அதற்கு மீன்தான் முக்கிய உணவு. மேலே குளிர்ந்த சின்ன ஓடைகளில் இருப்பது குட்டை நக நீர்நாய். கல்லுக்கு அடியில் கையை விட்டு, நாம் பைக்குள் சில்லறை தேடுவதுபோல, தடவித் தடவி நண்டைப் பிடிக்கும். எச்சத்தில் மீன் செதிலும் முள்ளும் நிறைய இருந்தால் பெரியது, நண்டு ஓடாகவே இருந்தால் சின்னது என்று முதலில் ஊகிக்கலாம். ஊகம்தான், சத்தியம் அல்ல. ஒரே பாறைக்குத் திரும்பத் திரும்ப வரும். அது அவர்களுடைய விளம்பரப் பலகை. மிதிக்காமல் தள்ளி நடங்கள்.

அங்கே மட்டும் உள்ள மீன் ஏதாவது உண்டா?

உண்டு. பாறையில் வாயால் ஒட்டிக்கொண்டு வெள்ளத்தை எதிர்த்து நிற்கும் ஒரு மீனுக்கு அறிவியல் பெயரே 'கர்ரா களக்காடென்சிஸ்', களக்காட்டின் பெயர். ஆண்மீனின் முதுகுத் துடுப்பிலிருந்து இழை இழையாக நீளும் ஒரு கெண்டை தாமிரபரணியின் பெயரையே சுமக்கிறது. சமவெளியில் வெளிநாட்டு மீனான ஜிலேபிக் கெண்டையை ஆற்றில் விட்டுவிட்டோம். மேலேயாவது விடாமல் இருப்போம்.

சார், கருங்குரங்கும் சிங்கவால் குரங்கும் ஒன்றா? (ஏழாம் வகுப்பு, கல்லிடைக்குறிச்சி)

இல்லை கண்ணு. கருங்குரங்கு என்கிற கருமந்திக்கு வால் நீளம், இலைதான் பெரும்பகுதிச் சாப்பாடு. சிங்கவாலுக்கு முகத்தைச் சுற்றி வெள்ளைப் பிடரி, வால் நுனியில் குஞ்சம். பழம், பூச்சி, வெடிப்பலா என்ற காட்டு மரத்தின் கொட்டை தின்னும். சிங்கவாலைக் காக்கத்தான் 1976இல் களக்காடு சரணாலயம் வந்தது. 1988இல் அதையும் முண்டந்துறையையும் சேர்த்துத் தமிழ்நாட்டின் முதல் புலிகள் காப்பகம் ஆக்கினார்கள்.

அப்படியானால் புலியைப் பார்க்கலாமா?

மிளா மானைப் பார்க்கலாம். புலி நம்மைப் பார்க்கும்.

விடியற்காலையில் ஓடையோரம் யாரோ பையன் விசில் அடிப்பதுபோல் கேட்டது. பயந்துவிட்டேன். (பாளையங்கோட்டை)

பயப்படாதீர்கள் அக்கா, சீகாரப்பூங்குருவி. கருநீலப் பறவை. தண்ணீர் இரைச்சலுக்கு மேலே கேட்கும்படி பாடும். ராகம் ஆரம்பித்து, பாதியில் மறந்துவிட்டதுபோல் நிறுத்தும்.

சொரிமுத்தையனார் கோயிலுக்கு ஆடி அமாவாசைக்குக் குடும்பத்தோடு போகிறோம். ஓடையில் குளிக்கலாமா? (மதினியின் கேள்வி, சிவந்திபுரம்)

கோயில் பக்கம் அனுமதித்த துறையில் மட்டும் குளியுங்கள் மதினி. இங்கே வானம் வெளுத்திருக்கும், மேலே கொட்டிக்கொண்டிருக்கும். தெளிந்த தண்ணீர் செம்மண் நிறமாவது, சருகும் குச்சியும் திடீரென்று மிதந்து வருவது, இரைச்சல் கூடுவது: ஏதாவது ஒன்று தெரிந்தால் துணியை எடுக்கக்கூட நிற்காமல் கரை ஏறுங்கள். 1992 நவம்பர் வெள்ளத்தைப் பார்த்த தலைமுறைக்கு இதைச் சொல்லவே வேண்டாம்.

ஆனால் மற்ற நேரத்தில் துணியை மறக்காமல் எடுத்து வாருங்கள். பரிகாரம் என்று ஆற்றில் விடும் வேட்டியும் சேலையும் கல்லில் சுற்றிக்கொண்டு கிடக்கின்றன. நானே ஒருமுறை கத்தியால் அறுத்து எடுத்தேன், உள்ளே இரண்டு நண்டுகள் சிக்கியிருந்தன.

அட்டைக்கு என்ன செய்வது?

கொஞ்சம் பொறுமை. பிடுங்கி எறியாதீர்கள், நகத்தால் மெல்ல நெம்பிவிடுங்கள். கடி அரிக்கும், வீட்டுக்குப் போன பிறகும்.