துபாயில் ஃபோர் வீல் டிரைவ் வண்டி வாங்கிவிட்டேன், நண்பர்களோடு பாலைவனத்துக்குள் போகலாமா?

கேட்டிருப்பவரிடம் ஒரு பழைய பிராடோ இருக்கிறது. நண்பர்கள் இரண்டு பேரிடமும் அதே மாதிரி வண்டி உண்டு. மூன்று பேரும் மணலில் ஓட்டியதில்லை. என்னென்ன பொருள் வாங்க வேண்டும் என்று பட்டியல் கேட்கிறார்.

பட்டியல் அப்புறம். முதலில் ஆளைத் தேடுங்கள். மூன்று புது ஓட்டுநர்கள் மூன்று வண்டியில் போனால் அதற்குப் பெயர் குழு இல்லை. முதல் வண்டி புதையும், அதை இழுக்க வந்த இரண்டாவதும் பக்கத்திலேயே புதையும், மூன்றாமவர் கரையில் நின்று போனில் வீடியோ பார்த்து இழுப்பது எப்படி என்று படித்துக்கொண்டிருப்பார். மணலில் நாலைந்து சீசன் ஓட்டிய ஒருவராவது முன்னால் போக வேண்டும். அவரும் பின்னால் வருகிறவரை விட்டுவிட்டு ஓடாத ஆளாக இருக்க வேண்டும். அப்படி ஓடுகிறவர்கள் இந்த ஊரில் நிறைய.

எங்கள் குழுவில் முன்னால் போவது கீழக்கரைக்காரர் ஒருவர். எல்லாருக்கும் அவர் பாய். பெயிண்ட் உரிந்த பழைய நிசான் பேட்ரோல் வைத்திருக்கிறார். கடைசியில் வருவது தஞ்சாவூர் அண்ணன், ஹைலக்ஸ் பிக்கப்பில். புதிதாக வருகிற தம்பி யாராக இருந்தாலும் பாய்க்கு அடுத்த இடம்தான். பாயின் சக்கரத் தடம் அப்படியே கிடக்கும்போது அதன் மேலேயே போய்விடலாம், பாயும் கண்ணாடியில் அவனைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்.

முன்னால் போகிறவரைத்தான் எல்லாரும் கெட்டிக்காரர் என்று சொல்வார்கள். என்னைக் கேட்டால் கடைசி வண்டிக்காரர்தான் கெட்டிக்காரராக இருக்க வேண்டும். ஏழெட்டு வண்டி ஏறி உழுது போட்ட மேட்டில்தான் அவர் ஏற வேண்டும். வழியில் யார் நின்றாலும் முதலில் இறங்கி ஓடுவது அவர்தான். அவரே மாட்டிக்கொண்டால் பின்னால் வந்து பார்க்க ஆளில்லை. அதனால்தான் கயிறு, மண்வெட்டி, டயருக்குக் காற்றடிக்கிற பெரிய கம்ப்ரசர் எல்லாம் அண்ணனின் பிக்கப்பில் கிடக்கும்.

விதிகள் அதிகமில்லை. உங்களுக்குப் பின்னால் வரும் வண்டி கண்ணாடியில் தெரியவில்லையா, நின்றுவிடுங்கள். நீங்கள் நின்றால் உங்களுக்கு முன்னால் போகிறவர் நிற்பார், அப்படியே பாய் வரைக்கும் போகும். முன் வண்டி மேட்டைத் தாண்டி 'கிளியர்' என்று வாக்கி டாக்கியில் சொல்லும்வரை நீங்கள் ஏறக் கூடாது. உச்சிக்கு அந்தப் பக்கம் அவர் மாட்டி நின்றுகொண்டிருப்பார், நீங்கள் வேகமெடுத்துப் பறந்து போய் அவர் கூரைமேல் இறங்குவீர்கள். மணற்காட்டில் நடக்கும் மோசமான விபத்துகளில் இது ஒரு வகை. வண்டிக்கு வண்டி உயரமான கம்பில் கொடி கட்டுவது இதற்காகத்தான். எதிர்ச் சரிவில் வருகிறவனுக்கு வண்டி தெரிவதற்கு முன்னால் கொடி தெரியும்.

அடுத்தது டயர். தார் ரோட்டில் காற்றழுத்தம் 35 பிஎஸ்ஐ வைத்து ஓட்டுகிறீர்கள் என்றால் மணலில் இறங்குவதற்கு முன் 15க்குக் கொண்டு வர வேண்டும். காற்று குறைந்தால் டயர் தரையில் படும் இடம் நீண்டுவிடும், வண்டியின் பாரம் பரவலாக இறங்கும், புதையாது. புது ஆட்களுக்கு இதை நம்பவே மனசு வராது. "டயர் பஞ்சரான மாதிரி இருக்கே அண்ணே" என்று 22லேயே நிறுத்திவிடுவார்கள். அப்புறம் முதல் மேட்டிலேயே நிற்பார்கள். உங்கள் வண்டி எத்தனை குதிரைத்திறன், என்ன டயர் என்பதெல்லாம் இதற்குப் பிறகுதான்.

ஆனால் காற்று குறைந்த டயரோடு ஸ்டியரிங்கை வெடுக்கென்று ஒடித்தால் டயர் ரிம்மிலிருந்து கழன்றுவிடும். போன குளிர்காலத்தில் அல் ஃபக்கா பக்கம் ஒரு தம்பிக்கு இப்படித்தான் ஆனது. குழிவான இடத்தில் திரும்பும்போது முன் டயர் ரிம்மை விட்டு வெளியே வந்து சப்பென்று தொங்கியது. ஜாக்கியை நேராக மணலில் வைத்தால் வண்டி ஏறாது, ஜாக்கிதான் இறங்கும். அண்ணன் ஒரு தடிமனான மரப்பலகையை அடியில் போட்டு அதன்மேல் ஜாக்கியை வைத்தார். ரொம்பத் தூக்கவில்லை. கொஞ்சம் தூக்கிவிட்டு, சக்கரத்துக்கு அடியில் இருந்த மணலைக் கையாலேயே வாரி வெளியே தள்ளினார். சுவருக்குப் பெயிண்ட் அடிக்கிற பிரஷ் ஒன்றை எடுத்து ரிம்மின் விளிம்பு முழுக்கச் சுற்றிச் சுற்றி மணலைத் தட்டினார். ஒரு பொட்டு மணல் உள்ளே இருந்தாலும் காற்று கசியும். பிறகு சோப்புத் தண்ணீரைத் தடவி, கம்ப்ரசரைப் போட்டுவிட்டு, டயரை உள்பக்கமாக முழங்காலால் அழுத்திக்கொண்டே இருந்தார். காற்று புஸ்ஸென்று போய்க்கொண்டே இருந்தது. திடீரென்று 'டப்' என்று ஒரு சத்தம், டயர் ரிம்மில் உட்கார்ந்துவிட்டது. லைட்டர் பெட்ரோலை ஊற்றிப் பற்றவைத்து டயரை ஏற்றும் வித்தையை வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். அதைச் செய்ய வேண்டாம்.

இப்போது ஓட்டுவது. நான்கு சக்கரமும் வேகமாக இழுக்கிற ஃபோர் ஹை கியரில் போடுங்கள். வண்டி வழுக்காமல் பார்த்துக்கொள்ளும் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோலை அணைத்துவிடுங்கள். சக்கரம் சுழல்வதைப் பார்த்து அது எஞ்சின் சக்தியைக் குறைக்கும், பாதி மேட்டில் வண்டி மூச்சை விட்டுவிடும். மேட்டில் நேராக ஏறுங்கள், நேராக இறங்குங்கள். சரிவின் குறுக்கே போய்ப் பாதியில் நின்றால் கீழ்ப்பக்கச் சக்கரங்கள் புதையும், அங்கிருந்து உருள ரொம்ப நேரம் ஆகாது. ஏற முடியாமல் நின்றுவிட்டால் திருப்ப முயற்சி பண்ணாமல், வந்த தடத்திலேயே நேராக ரிவர்ஸில் இறங்கிவிடுங்கள்.

மேட்டுக்கு இரண்டு முகம் உண்டு. காற்று அடிக்கிற பக்கம் மணல் இறுகி, சரிவும் மெதுவாக இருக்கும். மறுபக்கம் பொலபொலவென்று செங்குத்தாக விழும். இறுகிய பக்கம் ஏறுவது சுலபம், உச்சியில் காலை எடுப்பதுதான் கஷ்டம். வேகம் கூடினால் பறப்பீர்கள், இறங்கும்போது முதுகெலும்பும் ரேடியேட்டரும் சேர்ந்து பதில் சொல்லும். வேகம் குறைந்தால் வண்டியின் வயிறு உச்சியில் தட்டி உட்கார்ந்துவிடும், நான்கு சக்கரமும் சும்மா சுற்றும். இந்த அளவைச் சொல்லிக்கொடுக்க முடியாது, பாய் பின்னால் போய்த்தான் பழக வேண்டும். நிறுத்தும்போது பிரேக்கை அழுத்தாமல் வண்டியைத் தானாக ஓய விடுங்கள், அதுவும் மூக்கு கீழ்நோக்கி இருக்கிற இடத்தில். பிரேக் போட்டால் சக்கரத்துக்கு முன்னால் மணல் குவியும், கிளம்பும்போது அதையும் சேர்த்து ஏற வேண்டும்.

புதைந்துவிட்டால்? புதைவீர்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. வெட்கப்பட்டு ஆக்சிலரேட்டரை மிதிப்பதுதான் ஆபத்து. வாக்கி டாக்கியில் பாய் வழக்கமாகச் சொல்வது ஒன்றுதான்: "கால எடு தம்பி, எறங்கிப் பாரு." மிதிக்க மிதிக்கச் சக்கரம் குழி தோண்டிக்கொண்டு சேசிஸ், அதாவது வண்டியின் அடிச்சட்டம், மணலில் படுத்துவிடும். இறங்கி நான்கு சக்கரத்தின் முன்னும் பின்னும் மணலை வாரி எடுங்கள். காற்றை இன்னும் இரண்டு மூன்று பிஎஸ்ஐ இறக்குங்கள். நான்கு சக்கரமும் மெதுவாக, ஆனால் பலமாக இழுக்கிற ஃபோர் லோ போட்டு, வந்த தடத்தில் மெதுவாகப் பின்னால் எடுத்துப் பாருங்கள். பாதிக்கு மேல் இதிலேயே வெளியே வந்துவிடும்.

வராவிட்டால் கயிறு. இங்கே மட்டும் காசைப் பார்க்காதீர்கள். இழுபடும்போது நீண்டு, திரும்பச் சுருங்கி வண்டியைப் பிடுங்கி எடுக்கிற நைலான் கயிறு வேண்டும், சாதாரண டோ பெல்ட் வெடுக்கென்று அடிக்கும். அதைவிட முக்கியம் கயிற்றை எங்கே மாட்டுகிறீர்கள் என்பது. சேசிஸில் போல்ட் போட்ட இழுவைக் கொக்கியில் மட்டும் மாட்டுங்கள். டிரெய்லர் மாட்டுகிற உருண்டை, பம்பர், லாரியில் ஏற்றிக் கட்டுவதற்காக வைத்திருக்கும் சின்ன வளையம், எதுவும் கூடாது. அந்த உருண்டை முறிந்து, கயிற்றின் வேகத்தோடு பறந்து, பின் கண்ணாடியை உடைத்துக்கொண்டு உள்ளே போய் ஆள் செத்த சம்பவங்கள் உண்டு. இழுக்கும்போது இரண்டு ஓட்டுநர்களைத் தவிர மற்ற எல்லாரும் கயிற்றின் நீளத்தைப் போல ஒன்றரை மடங்கு தள்ளி நிற்க வேண்டும். போனில் படம் எடுக்கக் கிட்டே வருகிறவனைத் தஞ்சாவூர் அண்ணன் கெட்ட வார்த்தையில் விரட்டுவார். வேறு எதற்கும் அவர் குரலை உயர்த்திப் பார்த்ததில்லை.

நேரமும் முக்கியம். விடிந்ததும் இறங்கி, பத்து பதினோரு மணிக்கு வெளியே வந்துவிடுவது நல்லது. பனி ஈரத்தில் மணல் கொஞ்சம் இறுகியிருக்கும் என்பது ஒரு காரணம். பெரிய காரணம் நிழல். சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு மேட்டின் விளிம்பும் கோடு போட்ட மாதிரி தெரியும். உச்சி வெயிலில் நிழலே விழாது, எது மேடு, எது பள்ளம், எங்கே செங்குத்தாக விழுகிறது என்று ஒன்றும் புரியாது. முன்பெல்லாம் வெள்ளிக்கிழமைக் காலையில் கிளம்புவோம், 2022இல் வார விடுமுறை சனி, ஞாயிறு ஆனதிலிருந்து சனிக்கிழமை.

எங்கே என்றால், முதலில் ஹத்தா சாலையில் பதாயர் பக்கமோ அல் ஃபக்காவோ போதும். பிக் ரெட் என்கிற பெரிய மேட்டின் மேல் கண் வைக்காதீர்கள். அங்கே விடுமுறை நாளில் பக்கி என்கிற சின்ன மணல் வண்டிகளும் பைக்குகளும் நாலாபக்கமிருந்தும் பாயும், புது ஆளுக்கு மணலைவிட மனிதர்கள்தான் பயம். ஸ்வைஹான் அடுத்த கட்டம். லிவா கடைசி. துபாயிலிருந்து மூன்றரை மணி நேரம் ஓட்டிப் போனால் ரூப் அல் காலி என்கிற அந்த வெற்றுப் பாலையின் விளிம்பு. அங்கே மேடுகள் வேறு அளவு. மேடுகளுக்கு நடுவே தட்டையாகத் தெரியும் உப்புத் தரையை இங்கே சப்கா என்பார்கள். மழைக்குப் பிறகு அதன்மேல் இறங்கவே கூடாது. மேலே தயிர் ஏடு மாதிரி ஒரு பொருக்கு, கீழே சேறு. மணலில் புதைந்தால் ஒரு மணி நேரத்தில் வெளியே வரலாம், சப்காவில் ஒரு நாள் போய்விடும்.

போகக் கூடாத இடங்களும் உண்டு. துபாய் பாலைவனப் பாதுகாப்பகம் 225 சதுர கிலோமீட்டர், சுற்றி வேலி போட்டிருக்கும். மர்மூம் பக்கமும் பாதுகாக்கப்பட்ட பகுதி. வேலியைப் பார்த்தால் திரும்பிவிடுங்கள், அபராதத்துக்காக மட்டும் சொல்லவில்லை. 1972இல் காட்டில் ஒன்றுகூட மிஞ்சாமல் அழிந்துபோன அரேபிய ஓரிக்ஸ் மானைக் கூண்டில் வளர்த்துத் திரும்பக் கொண்டுவந்து விட்டிருக்கும் இடங்களில் இதுவும் ஒன்று. மணல் நடுவே தனியாக நிற்கும் காஃப் மரத்தடியில் வண்டியை ஏற்றாதீர்கள், கிளையை ஒடித்து அடுப்பு மூட்டாதீர்கள். இந்த நாட்டின் தேசிய மரம் அது. நம்மூர்க் கோயில்களில் தலவிருட்சமாக நிற்கும் வன்னிமரமும் அதுவும் ஒன்றேதான். எங்கள் குழுவில் ஒரு அக்கா அதைப் பார்த்தால் செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நிழலில் உட்காருவார்.

ஒட்டகப் பண்ணைகள் வந்தால் மெதுவாகப் போங்கள், புழுதி அடிக்காமல். அங்கே வேலை பார்க்கிறவர்களில் நம் ஆட்களும் இருப்பார்கள். ஒருமுறை பாய் வழி கேட்க நின்றபோது, தொட்டியில் தண்ணீர் நிரப்பிக்கொண்டிருந்தவர் தமிழ் கேட்டதும் நிமிர்ந்து, "அந்தப் பக்கம் போவாதீங்க, நேத்துத்தான் ஒரு வண்டிய டிராக்டர் வச்சு இழுத்தாங்க" என்றார். எந்த ஜிபிஎஸ்ஸிலும் இது வராது.

சாப்பாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். துபாயின் கராமா பகுதியில் முந்தின நாள் ராத்திரியே வாங்கிய புளிசாதமும் பிளாஸ்கில் கரக் டீயும் போதும். சுட்டுச் சாப்பிடுகிறோம் என்று கிரில், கரி, சோபா நாற்காலி எல்லாம் ஏற்றி வருகிறவர்களால்தான் கிளம்பத் தாமதமாகிறது. தண்ணீர் மட்டும் தாராளமாக, ஆளுக்கு ஐந்து லிட்டர். டேங்க் நிரம்பியிருக்கட்டும், மணல் பெட்ரோல் குடிக்கும். வண்டிக்குள் எதையும் சும்மா போடாதீர்கள். மேட்டிலிருந்து இறங்கும்போது பின் சீட்டில் கிடந்த ஜாக்கி முன் சீட்டுக்கு வரும்.

காப்பீட்டுப் பத்திரத்தில் ஆஃப்ரோடு சேர்ந்திருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பாருங்கள். வாடகை வண்டி என்றால் அந்த நினைப்பையே விட்டுவிடுங்கள்.

வெளியே வந்ததும் காற்றை ஏற்றாமல் நெடுஞ்சாலையில் ஏறக் கூடாது. 15 பிஎஸ்ஐயில் நூற்றிருபதில் போனால் டயர் சூடாகி வெடிக்கும். எல்லாருக்கும் ஏற்றி முடிக்கும்வரை யாரும் கிளம்புவதில்லை என்பது எங்கள் வழக்கம், கம்ப்ரசர் இல்லாதவர் கடைசியில் தனியாக நிற்கக் கூடாது என்பதால். வீட்டுக்குப் போனதும் ஏர் ஃபில்டரைக் கழற்றித் தட்டுங்கள், அடியில் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள்.

எப்போது போகலாம் என்றால், அக்டோபர் பாதிக்கு மேல். கோடையில் வெயில் 45 டிகிரியைத் தொடும், புதைந்த வண்டியைத் தோண்டுகிறவர் மயங்கி விழுவார். அதுவரை ஒரு நல்ல குழுவைக் கண்டுபிடித்து, நீங்கள் மூன்று பேரும் முதல் இரண்டு தடவை யாராவது பழகியவரின் வண்டியில் பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்து போய் வாருங்கள். டயரில் காற்று இறக்கி ஏற்றுவதை மட்டும் வீட்டு வாசலிலேயே பழகிவிடலாம்.