பீச் மரத்துக்குக் கோடைக் கவாத்து: கேள்வி பதில்

காய் தொங்கும்போதே கத்தரி வைக்கலாமா ஐயா? பழம் சிறுத்துவிடாதா?

எதை வெட்டுகிறீர்கள் என்பதுதான் கணக்கு. அறுவடைக்கு 2 முதல் 4 வாரம் முன்பு, மரத்தின் நடுவில் நெட்டுக்குத்தாக எழும் இளங்கிளைகளான போத்துகளை மட்டும் எடுங்கள். வெயில் உள்ளே இறங்கிப் பழத்தில் சிவப்பு ஏறும். பழம் தொங்கும் கிளையில் இலையைக் கழித்தால்தான் வம்பு. ஒரு பழத்துக்குச் சுமார் 30–40 இலை வேண்டும். குறைந்தால் அளவும் போகும், இனிப்பும் போகும். பழம் பெருக்க வேண்டுமா? கொட்டை கெட்டியாகுமுன் 15–20 செ.மீ.க்கு ஒன்றாகக் காய்களைக் கலைத்துவிடுங்கள். அந்த வேலையைக் கவாத்து செய்யாது.

போத்துகளைப் பாதியில் வெட்டினேன். சில வாரத்தில் புதர் மாதிரி ஆகிவிட்டது.

நுனி போனால் வெட்டுக்குக் கீழுள்ள மொட்டுகள் சேர்ந்தாற்போல் தளிர்க்கும். நிழல் முன்னைவிடக் கூடும். போத்து கிளம்பும் இடத்திலேயே, அடியில் தடித்திருக்கும் வளையத்தைச் சீவாமல், கட்டைக்குச்சி மிச்சம் விடாமல் எடுங்கள். ஒரு சாண் நீளத்தில் இளசாக இருந்தால் கத்தரியே வேண்டாம், கையால் பிய்த்தாலே அடியோடு வரும். ஆனால் நடுவை ஒரேயடியாக மொட்டையாக்காதீர்கள். நிழலில் இருந்த பட்டையில் திடீரென உச்சி வெயில் பட்டால் வெந்து வெடிக்கும்.

உச்சியில் மட்டும் காய்க்கிறது, கீழே வெறும் கட்டை. கோடைக் கவாத்தில் சரியாகுமா?

வராமல் தடுக்கலாம், வந்தபின் திருப்புவது கடினம். பீச் போன வருடம் வளர்ந்த குச்சியில்தான் காய்க்கும். காய்த்த பகுதி மறுபடி காய்க்காது. ஆகவே வருடாவருடம் கீழே புதுக்குச்சி வேண்டும். நிழலில் அது நூலாக மெலிந்து செத்துப்போகும். அடுத்த வருடப் பூமொட்டு இந்தக் கோடையிலேயே கட்டுவதால், இப்போது வெளிச்சம் பட்ட குச்சிதான் நாளைக்குக் காய்க்கும். பென்சில் கனத்தில் 30–60 செ.மீ. நீளமுள்ள, செம்மை ஓடிய குச்சிகளைத் தொடாதீர்கள். பழைய கட்டை எளிதில் துளிர்க்காது என்பதால், வெற்றிடத்தில் தாழ்வாக ஒரு போத்து வந்தால் அதை வெட்டாமல் வெளிப்பக்கம் சாய்த்துக் கட்டுங்கள். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழே வருவது மட்டும் வேர்க்கன்று, அதாவது அடிமரத்தின் துளிர்; அதைத் தயங்காமல் எடுக்கலாம்.

அப்படியானால் குளிர்காலக் கவாத்து தேவையில்லையா?

தேவை. பெரிய கிளைகளைக் குளிர்காலக் கடைசியில்தான் எடுக்க வேண்டும்.

அறுவடை முடிந்தபின் வெட்டலாமா? வெட்டுவாயில் ஏதாவது பூசணுமா?

உடனே என்றால் சரி. கோடை முடியும் தறுவாயில் வேண்டாம். புதுத்தளிர் முற்றுமுன் உறைபனி கருக்கிவிடும். பூச்சு எதுவும் வேண்டாம். மழை இல்லாத நாளாகப் பார்த்து வெட்டுங்கள், பிசின் வடியும் நோய்க்கிளையைத் தொட்ட கத்தரியை ஸ்பிரிட்டால் துடைத்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள்.