சிங்கப்பூரில் இருந்துகொண்டு தமிழில் மர்மக்கதை எழுதக் கற்றுக்கொள்வது எப்படி? எழுதியதை எங்கே வெளியிடுவது?

முதலில் முடிவை எழுதிக்கொள்ளுங்கள். யார் செய்தது, எப்படிச் செய்தது, எதில் மாட்டிக்கொண்டது, இந்த மூன்றும் ஒரு பக்கத்தில் தெளிவாக வந்த பிறகுதான் முதல் அத்தியாயம். குடும்பக் கதையை எழுதிக்கொண்டே போய் முடிவைக் கண்டுபிடிக்கலாம். மர்மக்கதையில் அப்படிப் போனால் கடைசியில் யாருக்காவது இரட்டைச் சகோதரர் முளைத்துவிடுவார்.

அப்புறம் துப்பு. அதை ஒளித்து வைக்கக் கூடாது. வாசகர் கண்ணெதிரே, வேறு ஏதோ விஷயம்போல வைக்க வேண்டும். நம் ஊரிலிருந்தே ஓர் உதாரணம் சொல்கிறேன். பழைய வீவக புளோக்குகளில், அதாவது வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் கட்டிய அடுக்குமாடிக் கட்டடங்களில், முன்பெல்லாம் மின்தூக்கி எல்லா மாடியிலும் நிற்காது. 1, 5, 9 என்று சில மாடிகளில் மட்டும் நிற்கும். 2001இல் வந்த மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்துக்குப் பிறகுதான் இது படிப்படியாக மாறியது. 1990களில் நடக்கும் உங்கள் கதையில் ஒரு சாட்சி, “அந்தம்மா ஏழாவது மாடியில லிஃப்ட்ட விட்டு வெளியே வந்ததை என் கண்ணால பார்த்தேன்” என்கிறார். பச்சைப் பொய். ஆனால் சென்னையில் படிப்பவருக்கு அது எப்படித் தெரியும்? ஆகவே இரண்டு அத்தியாயம் முன்பே, காஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் ஐந்தாவது மாடியில் இறங்கி, மீதி இரண்டு மாடியைப் படியேறி வந்து, மூச்சு வாங்க, “ஒரு கிளாஸ் தண்ணி குடுங்கக்கா” என்று கேட்கட்டும். அக்கா தண்ணீரோடு முறுக்கும் கொடுத்து, அவருடைய பிள்ளையின் பிஎஸ்எல்இ (தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வு) மதிப்பெண்ணை விசாரிக்கட்டும். வாசகர் அந்த மதிப்பெண்ணின் பின்னால் போய்விடுவார். துப்பு படிக்கட்டிலேயே கிடக்கும். பின்னால் பொய் உடையும்போது “அடடா, சொல்லியிருந்தாங்களே!” என்று அவர் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் நீங்கள் தேறிவிட்டீர்கள்.

இன்றைய சிங்கப்பூரில் கதை நடந்தால் சிக்கல் வேறு. 2012 முதல் புளோக் கீழ்த்தளங்களிலும் கார் நிறுத்துமிடங்களிலும் காவல்துறை கேமராக்கள் வந்துவிட்டன. கேமராவில் சிக்காமல் கொலையாளி எப்படிப் போனார் என்று மண்டையை உடைத்துக்கொள்வதைவிட, கேமராவில் தெரிந்தும் யாரும் சந்தேகப்படாத ஆளைக் கொலையாளி ஆக்குவது நல்லது என்பேன். இன்னொன்று, கொலை நடந்த வீட்டுக்குள் ஹாயாக நுழையும் தனியார் துப்பறிவாளர் இங்கே எடுபட மாட்டார். அந்தத் தொழிலுக்கு உரிமம் வேண்டும். கொலை வழக்கோ போலிஸ் கையில். நீதிமன்றக் காட்சியில் ஜூரியையும் உட்கார வைக்காதீர்கள். 1970லிருந்து இங்கே ஜூரி கிடையாது.

இதையெல்லாம் கற்றுக்கொள்ள அரசு நீதிமன்றத்தைவிட நல்ல வகுப்பு இல்லை. விசாரணைகள் பொதுவாகத் திறந்த நீதிமன்றத்தில்தான் நடக்கும். யாரும் போய் உட்காரலாம். நான் மரண விசாரணையைத்தான் முதலில் சொல்வேன். இறந்தவர் யார், எப்போது, எங்கே, எப்படி இறந்தார் என்று கண்டறிவதுதான் அங்கே வேலை. யார் குற்றவாளி என்று சொல்வது அதன் வேலையே இல்லை. அந்த இடைவெளியில்தான் உங்கள் கதை இருக்கிறது. ஆனால் கேட்டதை அப்படியே எழுதாதீர்கள், அது ஒரு குடும்பத்தின் துக்கம். கொலை நடக்கும் புளோக்குக்கு உண்மையான எண்ணும் வேண்டாம். வீட்டு விலை இறங்கிவிட்டது என்று யாராவது சண்டைக்கு வருவார்கள்!

வெளியீட்டுக்கு வருவோம். நாவலில் தொடங்காமல் சிறுகதையில் தொடங்குங்கள், இங்கே அதற்குத்தான் வாசல் அதிகம். சிங்கப்பூர்த் தமிழ் எழுத்தாளர் கழகத்தின் ‘கதைக்களம்’ என்ற சிறுகதை நிகழ்ச்சி இருக்கிறது, தமிழ் முரசு நாளிதழ் இருக்கிறது, தேசியக் கலை மன்றம் 1993இல் தொடங்கிய தங்கமுனை விருதுப் போட்டி இருக்கிறது. புத்தகம் என்றால், இங்குள்ள பலர் சென்னையில்தான் அச்சடிக்கிறார்கள். நீங்களே வெளியிடுவதாக இருந்தால் ஐஎஸ்பிஎன் என்ற புத்தக அடையாள எண்ணைத் தேசிய நூலக வாரியத்திடம் பெறுங்கள்; வெளியான நான்கு வாரங்களுக்குள் இரண்டு பிரதிகளைச் சட்டப்படி அவர்களிடம் ஒப்படைக்க வேண்டும்.

அணிந்துரை வாங்கும் ஆசை இருந்தால் மட்டும் கொஞ்சம் ஜாக்கிரதை. அணிந்துரை எழுதும் பெரியவர்கள் கதைச் சுருக்கம் சொல்லாமல் விட மாட்டார்கள், கொலையாளி பெயர் உட்பட. வாங்கியே தீர வேண்டுமென்றால் அதைப் புத்தகத்தின் கடைசியில் போடச் சொல்லிவிடுங்கள்.