வாசகர் கேள்வி – பதில்: பதின்மூன்று வயதில் பணப்பாடம்

கேள்வி: எங்கள் வட்டாரச் சமூக மன்றத்தில் சனிக்கிழமைதோறும் உயர்நிலை 1, 2 மாணவர்களுக்குக் கணிதத் துணைப்பாடம் நடத்தும் தொண்டூழியர் நான். பணத்தைக் கையாளவும் அவர்களுக்குக் கற்றுத்தர வேண்டும் என்று பெற்றோர் கேட்டதால், இரண்டு வாரம் சேமிப்பின் சிறப்பைப் பற்றிப் பேசினேன். பிள்ளைகள் கொட்டாவி விட்டார்கள். பங்குச் சந்தையைப் பற்றிச் சொன்னால் ஆர்வம் வரும் என்கிறார் ஒரு தோழி. எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, ஈசூன்

பதில்: பங்குச் சந்தையை இப்போதைக்கு விட்டுவிடுங்கள். தம் கையால் இன்னும் ஒரு வெள்ளி கூடச் சம்பாதிக்காத பிள்ளைக்கு அது விளையாட்டாகத்தான் தெரியும். வட்டியிலிருந்து தொடங்குங்கள், அதுவும் கடன் வட்டியிலிருந்து. நீங்கள் கணிதம் நடத்துகிறவர் என்பது இங்கே பெரிய வசதி.

ஒரு கணிப்பானைக் கொடுத்து 1,000 வெள்ளியை 1.26ஆல் மூன்று முறை பெருக்கச் சொல்லுங்கள். ஏறத்தாழ 2,000 வரும். சிங்கப்பூரில் கடன்பற்று அட்டைகளின் ஆண்டு வட்டி 26 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ இருப்பதால், கட்டாமல் விட்ட பாக்கி மூன்றே ஆண்டில் இரட்டிப்பாகிவிடும். தாமதக் கட்டணத்தை இதில் சேர்க்கவே இல்லை. அடுத்து, அதே 1,000 வெள்ளி மத்திய சேமநிதியின் (சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேமிக்கப்படும் நிதி) சாதாரணக் கணக்கில் 2.5 விழுக்காட்டு வட்டியில் இரட்டிப்பாக எத்தனை ஆண்டு ஆகும் என்று கேளுங்கள். 1.025ஐத் திரும்பத் திரும்பப் பெருக்கிக்கொண்டே போகிறவர்கள் 28 ஆண்டைத் தாண்டித்தான் நிற்பார்கள். விரல் வலிக்கட்டும், மூன்றுக்கும் இருபத்தெட்டுக்கும் உள்ள தூரம் அப்படித்தான் மனத்தில் பதியும். ஒரு காலத்தில் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கிகளில், அதாவது நகரத்தார் வட்டித்தொழில் நடத்திய கடைகளில், பெட்டியடிப் பையன்கள் என்ற கடைநிலை உதவியாளர்களாகச் சேர்ந்த நகரத்தார் சிறுவர்களும் பேரேடு என்ற கணக்குப் புத்தகத்தின் பக்கத்தில் உட்கார்ந்துதான் தொழில் பழகினார்கள்.

அடுத்த வாரம் பேரங்காடி ரசீதுகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். 10 வெள்ளி 90 காசு கொடுத்த பொருளில் பொருள் சேவை வரி எவ்வளவு என்று கேட்டால், பெரும்பாலோர் 10.90இல் 9 விழுக்காட்டைக் கணக்கிட்டு 98 காசு என்பார்கள். சரியான விடை 90 காசு, ஏனெனில் வரி 10 வெள்ளியின்மீது விதிக்கப்பட்டது. இந்த ஒரு பிழையை அவர்களே கண்டுபிடித்தால், ‘30 விழுக்காடு கழிவு’ என்ற அறிவிப்பைப் பார்க்கும்போதும் எதில் 30 என்று கேட்கத் தொடங்குவார்கள்.

இவற்றைவிட முக்கியமாக நான் கருதுவது வேறொன்று. குடும்ப வரவுசெலவுத் திட்டம் எழுதவைக்கும்போது, எந்தப் பிள்ளையையும் தன் வீட்டு வருமானத்தைச் சொல்லும்படி கேட்டுவிடாதீர்கள். ஒரே மேசையில் தனியார் வீட்டுப் பிள்ளையும், வாடகை வீட்டிலிருந்து பள்ளியின் நிதி உதவியோடு படிக்கும் பிள்ளையும் அருகருகே அமர்ந்திருக்கலாம். சிக்கனம் என்பது ஒருவருக்குப் பாடம், மற்றவருக்கு அன்றாட வாழ்க்கை. அந்தப் பிள்ளை அம்மாவோடு ஈரச்சந்தைக்குப் போய் விலை கேட்டுப் பழகியிருக்கலாம், சில நேரம் உங்களைவிடவும் நன்றாகக் கணக்குப் பார்க்கலாம். ஆகவே, கற்பனைக் குடும்பம் ஒன்றை உருவாக்கி, அதன் சம்பளம், வீட்டுக் கடன், மின்சாரம், பாட்டியின் மருந்து என எல்லாவற்றையும் நீங்களே எழுதிக் கொடுத்து, மாதக் கடைசியில் துண்டு விழும்போது எதைக் குறைப்பது என்று அவர்களை விவாதிக்க விடுங்கள். ‘பாட்டியின் மருந்தைக் குறைக்கக் கூடாது’ என்று யாராவது குரல் உயர்த்தினால், வகுப்பு நன்றாக நடக்கிறது என்று பொருள்.

மோசடிகளுக்குத் தனியாக ஒரு வாரம் ஒதுக்குங்கள். அரசாங்க இணையச் சேவைகளில் நம்மை அடையாளம் காட்டும் சிங்பாஸ் கணக்கு 15 வயதில் கிடைத்துவிடும். வங்கிக் கணக்கையோ சிங்பாஸ் விவரங்களையோ காசுக்காகப் பிறரிடம் ஒப்படைப்பவர் குற்றவாளிக் கூண்டில் நிற்க நேரிடும் என்பதை அதற்கு முன்பே அவர்கள் அறிந்திருக்க வேண்டும். சந்தேகம் வந்தால் 1799 என்ற ஸ்கேம்ஷீல்டு மோசடித் தடுப்பு உதவி எண்ணை அழைக்கலாம் என்பதையும் சொல்லிவையுங்கள்.

கேள்வி: என் மகன் உயர்நிலை 1இல் படிக்கிறான். தினமும் ஐந்து வெள்ளி தருகிறேன். போதவில்லை என்று பள்ளியிலிருந்தே குறுஞ்செய்தி அனுப்புகிறான், நானும் உடனே கைப்பேசி வழியாகப் பணம் அனுப்பிவிடுகிறேன். இது சரியா?
– வாசகர், செங்காங்

பதில்: சரியில்லை, ஐயா. அன்பினால் செய்கிறீர்கள் என்பது புரிகிறது. ஆனால், கேட்டவுடன் வருகிற பணத்துக்கு எல்லை இருப்பதாக எந்தப் பிள்ளையும் உணராது. தொகையைக் கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். ஞாயிறு இரவு 25 வெள்ளியை மொத்தமாகக் கொடுத்துவிடுங்கள். பேருந்து அட்டையில் நீங்களே தனியாகப் பணம் நிரப்பிவிடுங்கள், அதில் சோதனை வேண்டாம். முதல் வாரம் புதன்கிழமையே காசு தீர்ந்துவிடக்கூடும். அப்போது பணம் அனுப்பாமல், வீட்டிலிருந்து சோறு கட்டிக் கொடுங்கள். பிள்ளை பட்டினி கிடக்கக் கூடாது, ஆனால் குமிழித் தேநீர் குடித்ததற்கான விலையை அவன் இரண்டு நாள் உணர வேண்டும். திட்ட வேண்டாம், சொல்லிக்காட்டவும் வேண்டாம். அவன் நான்கு வாரம் தொடர்ந்து வெள்ளிக்கிழமை வரை தாக்குப்பிடித்துவிட்டால், அடுத்த முறை இரண்டு வாரத் தொகையைச் சேர்த்துக் கொடுத்துப் பாருங்கள்.