மகனுக்கு பார் மிட்ஸ்வா: தமிழ் அம்மா எப்படித் தயாராவது?

கேள்வி: என் கணவர் யூதர், நான் தமிழ். அமெரிக்காவில் இருக்கிறோம். மகனுக்கு 12 வயது முடிந்துவிட்டது. பார் மிட்ஸ்வாவுக்கு அவனை எப்படித் தயார் செய்வது? எனக்கு ஹீப்ருவில் ஓர் எழுத்துகூடத் தெரியாது.

நானும் இதே நிலையில் இருந்தவள்தான். நியூ ஜெர்சியில் எங்கள் மகளுக்கும் மகனுக்கும் நடத்தி முடித்தோம். அதிலிருந்து எங்கள் ஜெப ஆலயத்தில் தயாராகும் குடும்பங்களுக்கு என்னால் ஆன உதவியைச் செய்து வருகிறேன்.

முதலில் இதை மனதில் வையுங்கள். ஆண் பிள்ளைக்கு 13 வயது நிறைந்தாலே அவன் பார் மிட்ஸ்வா, அதாவது யூத மதக் கட்டளைகளுக்குப் பொறுப்பேற்றவன். சடங்கு நடக்காவிட்டாலும் அப்படித்தான். (பெண்ணுக்கு, மரபை இறுக்கமாகப் பின்பற்றும் ஆர்த்தடாக்ஸ் வழக்கில் 12 வயது.) ஆகவே சடங்கன்று சபை முன் யூத வேதமான தோராவை வாசிக்கையில் அவன் தடுமாறினாலும் அந்தத் தகுதி எங்கும் போகாது. இதை இன்றே அவனிடம் சொல்லிவிடுங்கள். மண்டபம், சாப்பாடு, அழைப்பிதழ் எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

உண்மையான உழைப்பு தோரா வாசிப்பில்தான் இருக்கிறது. தோராச் சுருள் தோலில் கையால் எழுதப்பட்டது. அதில் உயிரொலிக் குறிகள் இருக்காது, ராகக் குறிகளும் இருக்காது. நம் ஓலைச்சுவடிகளில் புள்ளி வைக்காமல் எழுதியிருப்பார்களே, படிப்பவர்தானே இடம் பார்த்து மெய்யா உயிர்மெய்யா என்று புரிந்துகொள்ள வேண்டும்? கிட்டத்தட்ட அந்த மாதிரி. அதையும் சும்மா படித்தால் போதாது, உரிய ராகத்தில் ஓத வேண்டும். இதற்கென்றே 'திக்குன்' என்றொரு புத்தகம் உண்டு. ஒரு பத்தியில் எல்லாக் குறிகளோடும், பக்கத்துப் பத்தியில் சுருளில் உள்ளபடி வெறும் எழுத்தாகவும் இருக்கும். முதலாவதைப் பார்த்துப் பழகி, இரண்டாவதைப் பார்த்து ஓதிப் பார்க்க வேண்டும்.

எங்கள் மகன் விஷயத்தில் நான் இங்கேதான் தவறு செய்தேன். ஆசிரியர் அனுப்பிய ஒலிப்பதிவைக் காரில் திரும்பத் திரும்பப் போட்டேன். அவனும் சினிமாப் பாட்டு போல மனப்பாடமாக ஒப்பித்தான். எனக்கு ஒரே மகிழ்ச்சி. ஒத்திகையில் சுருளின் முன்னால் நின்றபோது எந்த வரியில் இருக்கிறோம் என்றே அவனுக்குத் தெரியவில்லை. காது பழகியிருந்தது, கண் பழகவில்லை. அதன்பின் ஆறு வாரம், தினமும் இருபது நிமிடம், திக்குனில் விரல் வைத்துப் படித்தோம். எனக்கு அர்த்தம் தெரியாது, ஆனால் அவன் விரல் நின்றால் எனக்குத் தெரியுமே! உங்களாலும் இது முடியும். இன்னொன்று, இந்த வயதில் குரல் உடையும். ஆசிரியரிடம் சொல்லிச் சுருதியை இறக்கிக்கொள்ளுங்கள்.

எந்தப் பகுதியை வாசிப்பது என்பது தேதியைப் பொறுத்தது. தோராவை 54 பகுதிகளாகப் பிரித்து வாரந்தோறும் வாசித்து வருகிறார்கள். உங்கள் தேதியில் எது வருகிறதோ அதுதான். எங்கள் மகளுக்கு வந்தது தோராவின் மூன்றாம் நூலான லேவியராகமத்தில் தோல் நோய் பற்றிய பகுதி. அதைப் பற்றி அவள் ஒரு சிற்றுரையும் ஆற்ற வேண்டும். 'இதில் பேச என்ன இருக்கிறது?' என்று அழுதாள். ரபி (யூத மதகுரு) உரை எழுதிக் கொடுக்கவில்லை, திரும்பப் படிக்கச் சொன்னார். மூன்றாவது முறை படிக்கும்போது அவளே கண்டுபிடித்தாள்: நோயாளி மக்கள் தங்கும் பாளையத்துக்கு வெளியே இருக்கிறான், அவனைப் பார்க்க ஆசாரியன் (பூசாரி) வெளியே போகிறான். பள்ளியில் தனியாக உட்கார்ந்து சாப்பிடும் ஒரு பிள்ளையைப் பற்றி அங்கிருந்து பேசினாள். தயவுசெய்து உரையை நீங்கள் எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

உங்கள் மனதில் இன்னொரு கேள்வியும் இருக்கும் என்று நினைக்கிறேன். ஆர்த்தடாக்ஸ் வழக்கில் தாய் யூதராக இருந்தால்தான் பிள்ளை பிறப்பால் யூதர். மரபைத் தளர்த்திக்கொண்ட அமெரிக்க ரிஃபார்ம் பிரிவு 1983இல், யூதராக வளர்க்கப்படும் பிள்ளைக்குத் தந்தை வழியும் போதும் என்று ஏற்றது. யூதரல்லாத தாய் எந்த இடத்தில் நிற்கலாம், என்ன சொல்லலாம் என்பது ஆலயத்துக்கு ஆலயம் மாறும். இதைக் கடைசி மாதம் வரை விடாமல் இப்போதே ரபியிடம் கேட்டுவிடுங்கள். கடைசி வாரத்தில் தெரிந்துகொண்டு மனம் நொந்த அம்மாக்களைப் பார்த்திருக்கிறேன்.

ஊரிலிருந்து வருகிறவர்களுக்கும் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். சடங்கு வழக்கமாக நடக்கும் சனிக்கிழமை யூதர்களின் ஓய்வுநாள் என்பதால் பல ஆலயங்களில் படம் எடுக்கக் கூடாது. ஆண்கள் பொதுவாகத் தலையில் தொப்பி வைக்க வேண்டும். மொய் தருவதானால் 18இன் மடங்காகத் தருவது வழக்கம், ஹீப்ருவில் ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் மதிப்பு உண்டு, 'உயிர்' என்ற சொல்லின் எழுத்துகளைக் கூட்டினால் 18 வரும். அப்புறம், வாசித்து முடித்ததும் பல ஆலயங்களில் சபையே பிள்ளை மேல் மிட்டாய் எறியும். என் அம்மாவிடம் இதைச் சொல்ல மறந்துவிட்டேன். யாரோ பேரனை அடிக்கிறார்கள் என்று பதறி எழுந்தவர், விஷயம் தெரிந்ததும் பக்கத்துப் பெண்மணியிடம் ஒரு கைப்பிடி வாங்கித் தானும் எறிந்தார்.