குஞ்சுகள் அரை மணி நேரத்தில் செத்தது எதனால்?

கேள்வி: சமையலறை மூலையில் புரூடர் (குஞ்சுகளுக்குச் சூடு தரும் கூண்டு) வைத்து 30 கோழிக்குஞ்சுகள் வளர்த்தோம். ஆறாம் நாள், அடுப்பில் காலி நான்-ஸ்டிக் வாணலி காய்வதைக் கவனிக்கவில்லை. அரை மணி நேரத்துக்குள் 19 குஞ்சுகள் வாயைத் திறந்து மூச்சுவாங்கிச் செத்தன. வெள்ளைக் கழிச்சல் என்ற தொற்றுநோயா? மீதிக்கு என்ன மருந்து தரலாம்?

பதில்: கழிச்சல் நோய் இப்படி ஒரே மூச்சில் அடிக்காது, ஒன்றிரண்டில் தொடங்கி நாள்கணக்கில் பரவும். உங்கள் வாணலிப் புகைதான் முதல் சந்தேகம்.

நான்-ஸ்டிக் பூச்சான டெஃப்லான் சுமார் 260 டிகிரி செல்சியஸ் வரை தாங்கும். அதைத் தாண்டினால் சிதையத் தொடங்கும். 350க்கு மேல் நச்சு வாயுக்களும் நுண்துகள்களும் வேகமாகக் கிளம்பும். எண்ணெய் ஊற்றியிருந்தால் அதுவே முன்னதாகப் புகைந்து காட்டிக்கொடுக்கும். காலி வாணலியோ பெரிய தீயில் சில நிமிடங்களில் அந்தச் சூட்டை எட்டிவிடும், கண்ணுக்குப் பெரிதாக ஒன்றும் தெரியாது. பறவையின் நுரையீரலில் காற்று ஒரே திசையில் ஓடிக்கொண்டே இருக்கும், சவ்வும் மிக மெல்லியது. அதனால் நமக்குத் தொண்டைக் கரகரப்பு தரும் அளவே குஞ்சுக்கு எமன்.

செத்த குஞ்சைப் புதைக்காமல், உறைய வைக்காமல், ஐஸ் வைத்த பெட்டியில் கால்நடை மருத்துவரிடம் கொடுத்துப் பரிசோதியுங்கள். இந்த நஞ்சில் நுரையீரல் கருஞ்சிவப்பாக, நீர் கோத்துக் கனமாக இருக்கும். கரி அடுப்பு மூட்டி கார்பன் மோனாக்சைடால் செத்திருந்தால் இரத்தம் செர்ரிப் பழ நிறத்தில் பளிச்சென்றிருக்கும்.

மீதிக் குஞ்சுகளுக்கு முறிமருந்து கிடையாது. ஆன்டிபயாடிக் இந்த நஞ்சை முறிக்காது. நல்ல காற்றுள்ள வேறிடத்துக்கு உடனே மாற்றி, முதல் வாரத்துக்கான 35 டிகிரி சூட்டைக் குறைக்காமல், தொந்தரவு செய்யாமல் விடுங்கள். மூச்சுத்திணறல் இருந்தால் மருத்துவர் ஆக்சிஜன் தரலாம். இரண்டு நாள் கவனியுங்கள்.

நாய், பூனை இவ்வளவு எளிதில் சாகாது. ஆனாலும் அடைத்த அறையில் பாதிக்கப்படும். மனிதருக்குச் சில மணி நேரம் கழித்துக் குளிர், காய்ச்சல், இருமல் வந்து பெரும்பாலும் ஓரிரு நாளில் தணியும். மூச்சு முட்டினால் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பூச்சுத் துணுக்கு உணவோடு வயிற்றுக்குள் போவதற்கு அஞ்ச வேண்டாம், அது செரிக்காமல் வெளியேறிவிடும்.

புரூடரைச் சமையலறையிலிருந்து எடுத்தாலும் ஒன்று மிச்சம். சூடேற்றும் பல்பின் அட்டையைப் படியுங்கள். உடையாமல் இருக்க டெஃப்லான் பூசிய பல்புகள் உண்டு. அவற்றால் பண்ணைகளில் குஞ்சுகள் செத்திருக்கின்றன. பூச்சில்லாத பல்பை வாங்கி, கம்பி வலைக் கூடு மாட்டித் தொங்கவிடுங்கள்.