தீயின் எடை – கடிதம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

18ஆம் நூற்றாண்டுப் பிரெஞ்சு எழுத்தாளர் வால்டேர் பற்றிய உங்கள் கட்டுரையில், அவருடைய காதலியும் அறிவியல் நூல்கள் எழுதியவருமான எமிலி து ஷாத்லே ஒரே வரியில் வந்து போகிறார். அவர்கள் உறவை இலட்சியக் காதல் என்று பலரும் எழுதுகிறார்கள். கணவர் இருக்கும்போதே தொடங்கிய உறவு. கடைசியில் இருவருமே வேறு துணை தேடிக்கொண்டார்கள். இதில் இலட்சியம் எங்கே இருக்கிறது? எமிலி சுயமாகச் சிந்தித்தவரா, வால்டேரின் நிழலில் பெயர் பெற்றவரா?

க., திருச்சி

அன்புள்ள க.,

இலட்சியக் காதல் என்று நானும் சொல்ல மாட்டேன். 1734இல் வால்டேர் மீது கைது ஆணை பிறந்தபோது அவர் ஒளிந்துகொண்ட சிரே மாளிகை எமிலியின் கணவருடையது. செப்பனிட்ட செலவு வால்டேருடையது. ராணுவ அதிகாரியான கணவர் அவ்வப்போது வந்து இருவரோடும் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போவார். அன்றைய பிரெஞ்சுப் பிரபுக்களின் உலகில் இதற்கு யாரும் பெரிதாக முகம் சுளிக்கவில்லை. நாம் இன்று தீர்ப்பெழுதி ஆகப்போவது ஒன்றுமில்லை.

உங்கள் இரண்டாவது கேள்விதான் முக்கியம். அதற்கு ஒரு சம்பவமே போதும்.

நெருப்பின் இயல்பு என்ன என்பது பற்றி 1738ஆம் ஆண்டுப் பரிசுக்குக் கட்டுரை கேட்டது பாரிஸ் அறிவியல் கழகம். வால்டேர் களத்தில் இறங்கினார். இரும்பைப் பழுக்கக் காய்ச்சி எடை போட்டார், ஆறவிட்டு மறுபடி போட்டார். தீக்கு எடை உண்டு என்று நிறுவ அவருக்கு ஆசை. கூடவே இருந்து அந்தச் சோதனைகளைப் பார்த்த எமிலிக்கு, தீக்கு எடையே இல்லை என்று தோன்றியது. கெடு முடிய ஏறக்குறைய ஒரு மாதம் இருக்கும்போது தானும் எழுத உட்கார்ந்தார், வால்டேருக்குத் தெரியாமல். பகலில் சோதனை செய்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். அதனால் இரவில் எழுதினார். தூக்கம் வந்தால் கைகளைப் பனிக்கட்டித் தண்ணீரில் முக்கிக்கொள்வாராம். ரகசியம் தெரிந்த ஒரே ஆள் யார் தெரியுமா? கணவர்! அவரும் கடைசிவரை வாய் திறக்கவில்லை.

பரிசு கணித மேதை ஆய்லருக்கும் வேறு இருவருக்கும் போனது. பிறகுதான் எமிலி விஷயத்தைச் சொன்னார். வால்டேர் கோபித்துக்கொள்ளவில்லை. எமிலியின் கட்டுரையும் அச்சாக வேண்டுமென்று கழகத்திடம் வாதாடினார். இரண்டும் 1739இல் வெளிவந்தன. தன் கட்டுரையில் எமிலி, ஒளியின் வெவ்வேறு நிறங்களுக்கு வெவ்வேறு வெப்பம் இருக்கக்கூடும் என்றும் ஊகித்திருக்கிறார்.

நிழலில் இருப்பவர் இப்படிச் செய்வாரா? 1740இல் தன் பெயர் போடாமல் வெளியிட்ட இயற்பியல் நூலில் இன்னும் ஒருபடி மேலே போனார். நகரும் பொருளின் விசையை நிறை பெருக்கல் வேகம் என்று அளந்தது நியூட்டன் அணி, வால்டேர் உட்பட. வேகத்தின் வர்க்கத்தால் பெருக்க வேண்டும் என்றவர் ஜெர்மானியத் தத்துவ அறிஞர் லைப்னிட்ஸ். எமிலி அவர் பக்கம் நின்றார். பித்தளைக் குண்டுகளைக் களிமண்ணில் விழவிட்ட டச்சு அறிஞர் ஸ்கிராவசாண்டேயின் சோதனை அவருக்குச் சான்றாக இருந்தது. வேகம் இரண்டு மடங்கானால் குண்டு நான்கு மடங்கு ஆழம் இறங்கியது. அறிவியல் கழகத்தின் செயலாளர் மெராங் 1741இல் எமிலியை மறுத்து எழுதினார். எமிலி உடனே அச்சிலேயே பதிலடி கொடுத்தார். வால்டேர் அந்த நூலுக்கு மதிப்புரை எழுதினார். நூலைப் பாராட்டினார், லைப்னிட்ஸை ஏற்கவில்லை.

வால்டேர் தன் பெயரில் 1738இல் வெளியிட்ட, நியூட்டனை விளக்கும் நூலின் முகப்புப் படத்தில் எமிலி கண்ணாடி ஏந்தியிருக்கிறார். மேலிருந்து நியூட்டனின் ஒளி அதில் பட்டு, எழுதிக்கொண்டிருக்கும் வால்டேர் மேல் விழுகிறது. அழகான படம்தான். ஆனால் 'நிழல்' என்ற பேச்சுக்கு அதுவும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

1740களில் காதல் ஆறிவிட்டது. வால்டேர் தன் அக்காள் மகளிடம் போனார், எமிலி செயிந்த் லாம்பேர் என்ற இளம் கவிஞரிடம். கூட்டு மட்டும் முறியவில்லை. 42 வயதில் கருவுற்ற எமிலி, பிழைக்க மாட்டோமோ என்ற அச்சத்தோடு, இயக்க விதிகளையும் ஈர்ப்பையும் விளக்கும் நியூட்டனின் 'பிரின்சிபியா' நூலின் பிரெஞ்சு மொழிபெயர்ப்பையும் உரையையும் முடிக்க ராப்பகலாக உழைத்தார். 1749 செப்டம்பரில் பிள்ளை பிறந்த ஆறாம் நாள் இறந்தார். நூல் முழுமையாக அச்சேறியது 1759இல், நியூட்டனின் விதிகளைக் கொண்டு கணித்தபடி ஹாலி வால்மீன் திரும்பிய ஆண்டில். முன்னுரை வால்டேர்.

'பெண்ணாகப் பிறந்தது தவிர வேறு குறையில்லாத பெரிய மனிதர்' என்று பிரஷ்ய மன்னர் பிரெடரிக்குக்கு எழுதினார் வால்டேர். பாராட்டு என்று நினைத்துத்தான் எழுதியிருப்பார். எனக்குப் படிக்கும்போதெல்லாம் எரிச்சல் வருகிறது.

அந்த மன்னர் பல ஆண்டுகளாக வால்டேரை அழைத்துக்கொண்டிருந்தவர். எமிலி இருந்தவரை வால்டேரைப் போகவிடவில்லை. 1750இல் வால்டேர் போனார். எமிலிக்குக் கணிதம் கற்பித்த மொபெர்துயிக்கும் கோனிக்குக்கும் அங்கே மூண்ட சண்டையில் தலையிட்டு, மொபெர்துயியைக் கேலி செய்து எழுதி, மன்னரின் கோபத்துக்கு ஆளாகி, 1753இல் மூட்டை கட்டினார்.